மூன்றாம் குழிக் கீரை

ஊமை மெஷின் வருவதற்கு முன்னால் ஓடைமங்கலத்தில் ஒருத்தர் கனவு இன்னொருத்தருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் கண்ட கனவு பக்கத்தில் படுத்திருந்த வீட்டுக்காரிக்கே தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எங்கள் ஊர் வழக்கம் அப்படி. கெட்ட கனவு கண்டால், பல் துலக்குவதற்கு முன்னால், எந்த மனுஷர் முகத்திலும் விழிப்பதற்கு முன்னால், நேரே குளியலறைக்குப் போய், மூலையில் தண்ணீர் வெளியே போகிற ஜலதாரை ஓட்டைக்கு நேராகக் குனிந்து, கண்டதை ஒன்றுவிடாமல் சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, "தண்ணியோட போ" என்று அனுப்பிவிட வேண்டும். போய்விடும். கனவில் யாருக்குக் கெடுதல் வந்ததோ அவர்களுக்கு நிஜத்தில் ஒன்றும் ஆகாது. நல்ல கனவை மட்டும் சொல்லிவிடக் கூடாது, அதுவும் போய்விடும்.

என் பெயர் தணிகாசலம். குட்டியானை ஓட்டுகிறேன். யானை என்றதும் கோயில் யானை என்று கும்பிடு போட்டுவிடாதீர்கள், சாமான் ஏற்றுகிற சின்ன வண்டிதான். நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சேற்றை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டுவது பத்து வருஷமாக என் பிழைப்பு. ஊர் மொத்தமும் வேண்டாம் என்று தள்ளிவிட்டதையெல்லாம் நான் முதுகில் ஏற்றித் திரிந்திருக்கிறேன், அதனால் எந்தப் பெரிய மனுஷரைப் பார்த்தும் எனக்குப் பெரிதாக மரியாதை வருவதில்லை. இந்தக் கதையை நான் சொல்வதுதான் சரி.

ஊரில் பாதாளச் சாக்கடை போட்ட பிறகு எல்லா ஜலதாரையும் ஒரே குழாயில் சேர்ந்து, கடைவீதிக்கு அடியிலும் பள்ளிக்கூடத்துக்கு அடியிலும் கோயில் குளத்துக்கு அடியிலும் ஓடி, கிழக்கே மணல் தவிர ஒன்றும் ஓடாத எங்கள் ஆற்றங்கரையில், நிலையத்துத் தொட்டிகளில் வந்து விழுந்தது. தண்ணீர் தெளிந்து வெளியே போனது. கசடு அடியில் தங்கியது. ஊரில் சாயப்பட்டறை உண்டு, மருந்து மாத்திரை விழுங்காத வீடு கிடையாது, அதனால் அந்தச் சேற்றை உரமாகப் போடக் கூடாது என்று சட்டம். வருஷத்துக்கு ஒரு குழி வெட்டி, நம்பர் போட்டு, அந்த வருஷத்துச் சேற்றை அதில் கொட்டி வைத்தோம். அதில் கனவும் தங்கியிருக்கிறது என்று யார் கண்டார்கள்?

போன வருஷம் மெஷின் வந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு தொட்டி, அதற்குள் தொங்குகிற ஆறு எஃகுத் தண்டு, அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டால் ஒரு சத்தமும் வராது. நிலையத்து உதவிப் பொறியாளர் ஜபருல்லா சார் எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி விளக்கினார்.

"இது மீயொலி. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். சேத்துக்குள்ள விட்டா கண்ணுக்குத் தெரியாத குமிழி கோடிக்கணக்குல உண்டாகி வெடிக்கும். அந்த வேகத்துல ஒட்டிக்கினு இருக்கிற சாயம், மருந்து, கிருமி எல்லாம் பிரிஞ்சு வந்துடும். மிச்சம் நல்ல எரு. ஸ்கேன் சென்டர்ல வயித்துமேல வெச்சுப் பாக்கிறாங்களே, அந்த ஜாதிச் சத்தம்தான்."

"அப்ப சேறு ஆணா பொண்ணான்னு சொல்லிடுமா சார்?" என்று கேட்டாள் பவுனு.

"அதைச் சொன்னா சட்டப்படி குத்தம்மா," என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

அன்றைக்கு வைத்த பெயர்தான் ஊமை மெஷின். பெயர் வைத்தவளும் பவுனுதான். நிலையத்தில் காலையும் மாலையும் பாட்டிலில் தண்ணீரும் சேறும் பிடித்துச் சோதனை அறைக்குக் கொண்டுபோகும் வேலை அவளுக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் முனிரத்தினம் பஜனைக்கோயில் தெரு ஆள்குழியில் அடைப்பெடுக்க இறங்கி, விஷவாயுவில் போய்விட்டான். அதற்குப் பதிலாகக் கொடுத்த வேலை இது. அவளுக்கு நாற்பது வயது, பதினைந்து வயதில் தேன்மதி என்று ஒரு மகள், எதையும் சிரிக்க வைத்துவிடுகிற ஒரு வாய். அந்த வாய்க்குள் அவள் என்ன வைத்திருந்தாள் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மெஷினில் போய்வந்த முதல் எருவை நான் வரதப்பன் தோட்டத்தில் இறக்கினேன். அவர் ஆற்றோரம் கீரை போடுகிறவர். எருவைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்து, "தணிகா, மழை வாசனை வருதுடா" என்றார். இருபத்தொரு நாளில் சிறுகீரையும் தண்டுக்கீரையும் முழங்கால் உயரம் நின்றது. சந்தையில் சண்டை போட்டு வாங்கினார்கள்.

கீரையை எங்கள் பக்கம் ராத்திரியில் தொட மாட்டோம், மத்தியானம்தான். என் வீட்டுக்காரி பூண்டு போட்டுக் கடைந்து வைத்தாள். மூச்சுமுட்டத் தின்றுவிட்டுப் படுத்தேன். ஒரு பரீட்சை அறையில் உட்கார்ந்திருக்கிறேன், கேள்வித்தாளில் ஒரு எழுத்துகூட இல்லை, எல்லோரும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்குத் தொண்டை வறண்டு போகிறது. குனிந்து கையைப் பார்த்தால் அது என் கை இல்லை. ஒல்லியான பொம்பளைக் கை, விரலில் சாக்பீஸ் தூள், கைக்கடிகாரத்தின் முகம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. எழுந்து உட்கார்ந்து, "அடேங்கப்பா, இது இந்திராணி டீச்சர் கனவு" என்றேன். அந்தம்மா ஒருத்திதான் ஊரில் கடிகாரத்தை அப்படிக் கட்டுகிறவர், முப்பது வருஷமாகத் தலைமை ஆசிரியை, அவர் பெயரைச் சொன்னால் அழுகிற குழந்தை வாயை மூடும்.

மறுநாள் மத்தியானமும் அதே கனவு. மூன்றாம் நாளும் அதே. பரீட்சை எழுதி எழுதி எனக்கு உடம்பே இளைத்துவிட்டது. நேராக டீச்சர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"டீச்சர், உங்க கனவு ஒண்ணு எங்க வீட்டுக்கு வந்திருக்கு."

நான் சொல்லச் சொல்ல அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நான் குடித்தேன். அன்றோடு கனவு என்னை விட்டது. டீச்சர் சொன்னார், "தணிகாசலம், பத்தாவதுல நான் ஒருதரம் ஃபெயில் ஆனேன்பா. யார்கிட்டயும் சொன்னதில்ல." மறுவாரத்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் பரீட்சையன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பானை வைத்தார்கள்.

அப்புறம் ஊரே இப்படித்தான் ஆனது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்தால் யாராவது ஒருத்தர் கனவு வரும், கனவுக்குள்ளேயே குனிந்து கையைப் பார்க்க வேண்டும், வளையல், மோதிரம், தழும்பு, பச்சை குத்தியது, எதையாவது வைத்து ஆளைக் கண்டுபிடித்து, சாயங்காலம் அவர் வாசலில் போய் நிற்க வேண்டும், அவர் தண்ணீர் கொடுக்க வேண்டும், குடித்தால் கனவு இறங்கிவிடும், போய்ச் சொல்லாதவருக்குக் கண்ணை மூடும்போதெல்லாம் அதுவே வரும். கறிக்கடை பாயை ஒரு ஆடு பெயர் சொல்லிக் கூப்பிட்டு "நல்லா இருக்கியா?" என்று விசாரித்த கனவு பூக்காரிக்கு வந்தது. மருமகளை உண்டு இல்லை என்று ஆக்குகிற மளிகைக்கடை அம்மாள், தன் வீட்டுக்கே வந்து நிற்க, வீட்டில் ஒருத்தருக்கும் தன்னை அடையாளம் தெரியாமல் போன கனவு, வேறு யாருக்கு வரும், அந்த மருமகளுக்கே வந்தது. ஒரே சமையலறையில் ஒருத்தி சொல்ல ஒருத்தி தண்ணீர் மொண்டு கொடுத்தாளாம். மறுநாளிலிருந்து மாமியாருக்குத்தான் முதல் இலை.

ஆளாளுக்குக் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் சிரிப்பு, அவ்வளவுதான். யாரும் பயப்படவில்லை. பயப்படும்படி என்ன இருக்கிறது? எல்லாம் நம் ஊர்ச் சேறு. சில புத்திசாலிகள், பக்கத்து வீட்டுக்காரர் கனவில் போய்ச் சேரட்டும் என்று, தங்களுக்கு மாலை போட்டு மேளம் அடித்த மாதிரிக் கனவை இட்டுக்கட்டி ஜலதாரையில் சொல்லிப் பார்த்தார்கள். அதெல்லாம் மெஷினில் நிற்கவில்லை, சாயத்தோடு சேர்ந்து பிரிந்து போய்விட்டது.

ஜபருல்லா சார் எருவையும் கீரையையும் சோதனைக்கு அனுப்பினார். பதினான்கு கட்டம் போட்ட படிவம் திரும்பி வந்தது. ஈயம் இல்லை, சாயம் இல்லை, கிருமி இல்லை. "கனவுக்குக் கட்டமே இல்லியே, நான் எதுல எழுதறது?" என்று கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தார். நகராட்சி மட்டும் தீர்மானம் போட்டது. மத்தியானம் ஒன்று முதல் மூன்று வரை கடைகள் அடைக்கலாம். எந்தத் தெருக்காரர் எந்தத் தெருவுக்குக் கனவு கொண்டுபோனாலும் தண்ணீர் மறுக்கக் கூடாது. இதைக் கொண்டுவந்து அரைமணி நேரம் பேசியவர் பதினோராம் வார்டு கவுன்சிலர் கஜபதி. முன்னாளில் துப்புரவு மேஸ்திரி, இன்றைக்கும் ஊருக்கு மேஸ்திரிதான். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், ஆனால் கீரையை மட்டும் தொடமாட்டார். "நமக்கு ஒத்துக்காதுப்பா" என்பார்.

இப்படி எல்லோர் கனவும் எல்லோர் வீட்டுக்கும் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நாளில், ஒரு காலை வேளை, வண்டியில் எரு ஏற்றிக்கொண்டிருந்த என்னிடம் பவுனு வந்து நின்றாள். கையில் பாட்டில், வாயில் சிரிப்பு இல்லை.

"அண்ணா, எங்க வீட்டுக்காரர் செத்த வருஷத்துச் சேறு எந்தக் குழியில இருக்கு?"

"மூணாம் நம்பர் குழி. எதுக்கும்மா?"

அப்போதுதான் சொன்னாள். முனிரத்தினம் போனதற்கு முந்தின நாள் தேன்மதிக்குப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. எட்டு வயசுப் பிள்ளை மயில் வேஷம் கட்டி ஆடுகிறது, வருகிறேன் என்று சத்தியம் பண்ணின அப்பன் வரவில்லை. எங்கேயோ அடைப்பு என்று கஜபதி மேஸ்திரி நிறுத்திவிட்டார். பவுனுக்கு ஆத்திரம். ராத்திரி முழுக்கப் பேசவில்லை. காலையில் அவன் எழுந்து நேராகக் குளியலறைக்குப் போய், ஜலதாரை ஓரம் குத்துக்காலிட்டு, வெகுநேரம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே வந்து சட்டை மாட்டி, வாசலில் நின்று, "போயிட்டு வரேன்" என்றான்.

"நான் 'போயிட்டு வா'ன்னு சொல்லல அண்ணா. மூஞ்சியத் திருப்பிக்கினு அரிசி களைஞ்சிக்கினு இருந்தேன். ரெண்டு தரம் சொன்னாரு. நான் வாயத் தொறக்கல. அந்தாளு வரல."

நான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விசாரணையில மேஸ்திரி இன்னா சொன்னாரு? வேணாம் வேணாம்னு சொல்லியும் குடிச்சிட்டு அவனாவே இறங்கினான்னு சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு குடிக்க மாட்டாரு, அது எனக்குத் தெரியும். ஆனா வீட்ல இவ மூஞ்சி குடுக்கலியே, போனாப் போவுதுன்னு இறங்கிட்டாரோன்னு ஏழு வருஷமா அரிக்குது அண்ணா. இன்னா மனசோட போனாருன்னு எனக்குத் தெரியணும். அன்னிக்கு ஜலதாரையில சொன்னது அந்தக் குழியிலதான் கிடக்குது."

கிடந்தது. ஆனால் நாள் இல்லை. பழைய குழிகளையெல்லாம் கட்டட இடிபாடு கொட்டி மூடி, மேலே வாரச்சந்தைக்குத் தரை போடுவதென்று முடிவாகியிருந்தது. தை பிறந்தால் வேலை ஆரம்பம். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் கஜபதி மேஸ்திரிதான். இருந்தது பத்தே நாள்.

ஜபருல்லா சாரிடம் போனோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏழு வருஷத்துச் சேறும்மா, கல்லு மாதிரி இருக்கும். தண்டு உடைஞ்சா என் வேலை போயிடும்."

"கல்லைக் கரைச்சுக் குடுத்தா?"

"எப்படிக் கரைப்ப?"

"கையாலதான்."

கரைத்தாள். கையுறை மாட்டிக்கொண்டு, காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னாலும் மதியச் சாப்பாட்டு வேளையிலும், மூன்றாம் குழியில் கட்டி கட்டியாகப் பெயர்த்து, தொட்டியில் ஊறப்போட்டு, பிசைந்து, சல்லடையில் சலித்து, கூழாக்கிக் கொடுத்தாள். இரண்டாம் நாள் தேன்மதி வந்து பக்கத்தில் நின்றாள். நான்காம் நாள் இந்திராணி டீச்சர் புடவையைச் செருகிக்கொண்டு வந்தார். பிறகு பூக்காரி, கறிக்கடை பாய், மாமியாரும் மருமகளும். ஜபருல்லா சார் பதிவேட்டில் "சோதனை ஓட்டம்" என்று எழுதி, சுவிட்சைப் போட்டுவிட்டு, தண்டுகளையே பார்த்தபடி நின்றார். சத்தமே இல்லாத அந்தச் சத்தம் தொட்டிக்குள் ஓட, ஏழு வருஷத்துச் சேறு மெல்லச் சிலிர்த்து, இளகி, நுரைத்து, கறுப்பிலிருந்து மண் நிறத்துக்கு வந்தது. பத்தாம் நாள் காலை இடிபாட்டு லாரிகள் வந்து வரிசை கட்டியபோது மூன்றாம் குழி துடைத்து வைத்த சட்டி போல இருந்தது. மேஸ்திரி குழிக்குள் எட்டிப் பார்த்தார். லாரிக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அந்த எரு முழுவதையும் வரதப்பன் தன் தோட்டத்தில் தனியாக நாலு பாத்தி போட்டு இறக்கினார். இருபத்தொரு நாள் பவுனு தினமும் போய்ப் பார்த்தாள். கீரை வந்தது. முதல் கட்டு அவள்தான் தின்றாள், ஒரு வாரம் தொடர்ந்து தின்றாள். யார் யாருடைய கனவோ வந்தது, செத்துப்போனவர்கள் கனவுகூட வந்தது, அதை அவர்கள் வீட்டாரிடம் சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தாள், எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவள் கேட்டது மட்டும் வரவில்லை. கீரையோ முற்றிப் பூ வைக்கப் பார்த்தது. நாலு பாத்திக் கீரையை ஒருத்தி எப்படித் தின்று முடிப்பாள்?

வரதப்பன்தான் சொன்னார். "நாம எல்லாரும் துன்னுவோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை ஓடைமங்கலத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். விடிந்ததும் நான் வண்டியில் கீரையை ஏற்றித் தெருத்தெருவாகப் போட்டேன், ஆளுக்கு ஒரு பிடி, ஒரு வீடு பாக்கியில்லை. கடைந்தார்கள், பொரித்தார்கள், பருப்பில் போட்டார்கள், அடையில் கிள்ளிப் போட்டார்கள். முனிரத்தினத்தின் இடது கட்டைவிரல் நகம் ஆள்குழி மூடி விழுந்து இரண்டாகப் பிளந்து போனது, அந்த விரலைத் தேடுங்கள் என்று பவுனு எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு மணிக்கு ஊர் படுத்தது. பஸ் நிலையத்தில் கண்டக்டர் படுத்தார், கோயிலில் குருக்கள் படுத்தார், போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு மேஜைமேல் தலை வைத்தார், வேப்ப மரத்தடியில் நாய்கள் படுத்தன, காற்றும் எங்கேயோ படுத்துவிட்டது. அந்த வெயிலில், அத்தனை வீட்டிலும், இறந்துபோன ஒருத்தனுடைய கையைத் தேடிக்கொண்டு ஊரே தூங்கியது. அவன் இருந்த காலத்தில் அந்தக் கையை யாரும் தொட்டது கிடையாது, ஒரு டீத்தம்ளர் கொடுத்தால்கூடத் தள்ளி வைத்துத்தான் கொடுத்தோம். நானும்தான். அதை நினைத்து எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

மூன்று மணிக்கு எழுந்தோம். சாயங்காலம் ஒவ்வொருத்தராக அவள் வாசலுக்குப் போனார்கள். "எனக்கு வரலம்மா." "எங்க வீட்ல யாருக்கும் வரல தாயி." தலையைக் குனிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார்கள். பவுனு எல்லோரையும் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள், "யாருக்கோ வந்திருக்கு அண்ணா. சொல்லாம இருக்காங்க."

அடுத்த நாளிலிருந்து வேலை முடிந்து வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார ஆரம்பித்தாள்.

ஒன்பது நாள் உட்கார்ந்தாள். அந்த ஒன்பது நாளும் கஜபதி மேஸ்திரி நகராட்சிக் கூட்டத்துக்கு வரவில்லை, மைக்கைத் தேடவில்லை. கண் சிவந்து, மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் கடைவீதியில் நடந்துகொண்டே இருந்தார். அவர் சம்சாரம் என் வீட்டுக்காரியிடம் சொன்னது பிற்பாடுதான் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாள் கீரையை அரைத்து வடை தட்டியிருக்கிறார். விஷயம் தெரியாமல் மனுஷர் நாலு வடை தின்றிருக்கிறார்.

பத்தாம் நாள் சாயங்காலம் என் வண்டியை மறித்தார். "தணிகா, பவுனு வீட்டுக்கு விடு" என்றார். வழியெல்லாம் இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்தத் தெருவுக்குள் அவர் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார், வேலைக்கு ஆள் கூப்பிட வந்திருக்கிறார். யார் வீட்டு வாசற்படிக்கும் வந்ததில்லை. பவுனு எழுந்து நின்றாள். தேன்மதி உள்ளேயிருந்து வந்து அம்மாவின் பின்னால் நின்றாள்.

"உன் வீட்டுக்காரன் கனவு எங்கிட்ட வந்திருக்கும்மா."

"சொல்லுங்க மேஸ்திரி."

"பஜனைக்கோயில் தெரு ஆள்குழி. நான் மேல நிக்கிறேன். கையப் பாக்கிறேன், நகம் பிளந்த கை. கையில கயிறு. கயித்தோட அந்தப் பக்கம் நீ. இடுப்புல கட்டிக்கினு உள்ள இறங்கப் போற." அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "உன்னை நான் எத்தினியோ தரம் பாத்திருக்கேன். இப்பிடிப் பாத்ததில்ல. முகம் அவ்வளவு லட்சணமா இருந்துச்சு. அவன் கண்ணும்மா அது. நீ நிமிந்து பாத்து, 'போயிட்டு வரேன் மாமா'ங்கிற. 'போயிட்டு வா'ன்னு சொல்லணும். வாயத் தொறக்கிறேன், வரமாட்டேங்குது. ரெண்டு தரம் சொல்ற. எனக்கு வாய் வரல. நீ இறங்கிட்ட. கயிறு கனக்குது, கனக்குது, திடீர்னு லேசாயிடுச்சு."

தெருக்காரர்கள் ஒவ்வொருத்தராக வாசலில் வந்து கூடியதை மேஸ்திரி பார்த்தார்.

"கடைசியா, தண்ணி ஊத்தறப்ப, ஜலதாரைக்கிட்ட அவன் சொன்னதும் கேட்டுச்சு. 'இது அவளுக்கு வேணாம். தண்ணியோட போ.'"

பவுனு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "கோவம் இருந்துதா? எம்மேல?"

"இல்லம்மா. துளி கோவம் இல்ல. பயம்தான். உனக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு பயம்."

அவள் அழுதாள். வாயைப் பொத்தாமல், எங்கள் எல்லோருக்கும் முன்னால், ஏழு வருஷத்தையும் சேர்த்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "மேஸ்திரி, அன்னிக்கு அவரு இறங்க மாட்டேன்னு சொன்னாரா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சொன்னான். 'இன்னிக்கு வேணாம் மேஸ்திரி, கனவு சரியில்ல'ன்னான். 'கனவாம் கனவு, இறங்குடா'ன்னு நான்தான்..." முடிக்கவில்லை. "அவன் குடிக்கல. அதுவும் நான் சொன்னதுதான்."

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. மறுபடியும் கேட்டா இதையே சொல்லணும்."

"சொல்றேன்." அவர் உதடு வெடித்திருந்தது. பத்து நாள் தூங்காத மனுஷன். சொம்பைப் பார்த்தார். "தண்ணி குடும்மா. கண்ணை மூட முடியல. கயித்தப் புடிச்சிக்கினே இருக்கேன்."

நகராட்சித் தீர்மானம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. அவருக்கும் ஞாபகம் இருந்தது, அவர் பேசினதுதானே. பவுனு குனிந்து சொம்பை எடுத்தாள். ததும்பத் ததும்ப இருந்தது. அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

அவள் திரும்பி உள்ளே போனாள். கதவு திறந்தே இருந்ததால் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கூடத்தைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, குளியலறைக்குப் போய், ஜலதாரை ஓரம், அவன் உட்கார்ந்த இடத்தில், அவன் உட்கார்ந்த மாதிரியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சொம்பை மெதுவாகச் சாய்த்தாள். கடைசிச் சொட்டு போகும்வரை சாய்த்தாள்.

"போயிட்டு வா மாமா," என்றாள்.

வெளியே வந்து காலிச் சொம்பைப் படியில் கவிழ்த்து வைத்தாள். மேஸ்திரியின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. "கயித்தப் பத்திரமா புடிச்சிக்குங்க மேஸ்திரி," என்று சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.